சிரிப்புக்கு விட்ட இடம்

9

“விபத்துக்குக் கை கிடையாது. கொக்கியைக் கழட்டி, பத்திரமா ஆணியில மாட்டி வெச்சுட்டுப் போகாது” என்றாள் அண்ணி.

மேடைக்குப் பின்னால், பரணுக்குப் போகும் ஏணியின் பாதியில் நின்ற சின்னவன் கீழே பார்த்தான். அண்ணியின் முகம் தெரியவில்லை. அவள் கையிலிருந்த டார்ச் மட்டும் தெரிந்தது.

“அப்போ நான் ஏறிக்கிட்டு இருக்கறது கொலை நடந்த இடம். இதை வீட்டுல கிளம்பும்போதே சொல்லியிருக்கலாமே. அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்திருப்பேன்.”

“உங்க அண்ணனுக்கு நேத்து நான் சொன்னதே இன்னும் காதுல ஏறல. நீயாவது ஏறு.”

அண்ணனுக்கு இளையவன் என்பதால் வீட்டில் அவன் சின்னவன். அண்ணி வக்கீல் தொழிலை உதறிவிட்டுத் துப்பறிய இறங்கிய நாளிலிருந்து, அவளுக்கு எடுபிடியும் அவன்தான், வழித்துணையும் அவன்தான். வாய் மட்டும் சொந்த வாய். பயம் வந்தால் அது கொஞ்சம் கூடுதலாகவே ஓடும். இன்று காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது.

ஓடாமல் என்ன செய்யும்? போன வாரம் இதே கொட்டகையில் ‘வாசல் வரை புருஷன்’ என்ற சிரிப்பு நாடகம் நடந்தது. பிற்பாதியில், பெண்டாட்டியால் வெளியே தள்ளப்பட்ட புருஷன் மாடி பால்கனியில் தோன்றி, கைப்பிடியில் சாய்ந்து கெஞ்சிப் பாட வேண்டும். சாய்ந்தார். கைப்பிடி அவரோடு சேர்ந்து கீழே வந்தது. முதல் வரிசைக்காரர்கள் அதையும் நாடகம் என்று நினைத்துக் கை தட்டினார்கள். தட்டிய கைகள் ஒவ்வொன்றாக நின்றன.

இறந்தவரைக் குழுவில் எல்லோரும் ஹீரோ என்றே கூப்பிடுவார்கள். மேடையில் அவருக்குப் பெண்டாட்டியாக நடித்தவள் வீட்டிலும் பெண்டாட்டி. அவளுக்குப் பட்டாசு என்று பெயர். ஏன் என்று யாரும் கேட்டதில்லை, பக்கத்தில் போனவர்களுக்குத் தானாகவே தெரிந்துவிடும். மேடையில் போட்ட சண்டை போதாது என்று ஒப்பனை அறையிலும் இரண்டு பேரும் மிச்சத்தைப் போடுவார்கள்.

சம்பவத்தன்று இடைவேளையில் பட்டாசு இந்த ஏணியிலிருந்து இறங்கியதைக் குழுவே பார்த்தது. அன்று மத்தியானம் “உன் சாவு என் கையாலதான்யா!” என்று அவள் கத்தியதையும் குழுவே கேட்டது. போலீசுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? இன்று சாயங்காலம் வந்து அவளைக் கூட்டிப்போவதாக இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டார். அதற்குள் வேறு ஆளைக் காட்டினால் உண்டு. காட்டாவிட்டால் புருஷனைப் பறிகொடுத்தவளே புருஷனைக் கொன்றவள் ஆகிவிடுவாள்.

சின்னவன் பரணில் கால் வைத்தான். பலகை முனகியது. எதிரே, வர்ணம் பூசிய துணிப் படுதா. அதற்கு அந்தப் பக்கம்தான் பால்கனி. கைப்பிடியைப் பிடித்திருந்த இரண்டு கொக்கிகளும் படுதாவுக்கு இந்தப் பக்கம் இருந்தன. இப்போது புதுக் கொக்கிகள். பழையவை தொங்கிய ஆணி மட்டும் அப்படியே இருந்தது.

“என்ன தெரியுது?” என்று கேட்டாள் அண்ணி.

“ஒண்ணும் தெரியல. மேடையில யாரோ மூக்கை உறிஞ்சறது மட்டும் காதுக்குள்ள உக்காந்து உறிஞ்சற மாதிரி கேக்குது.”

“கேக்குது, ஆனா தெரியல. சரி, இறங்கு.”

இறங்கத் திரும்பியவனின் கால் படியைத் தவறவிட்டது. ஏணி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அடிவயிற்றிலிருந்து கிளம்பிய அலறல் தொண்டைக்கு வருவதற்குள், கீழே இரண்டு கைகள் ஏணியை இறுகப் பிடித்து நிறுத்தின.

“பாத்து இறங்குங்க தம்பி. நான் பிடிச்சுக்கறேன்.”

குழுவின் வாத்தியார். நாடகத்தை எழுதியவரும் அவரே, சொல்லிக்கொடுத்து நடத்துபவரும் அவரே. ஒல்லியான தேகம், சலவை கலையாத சட்டை, யாரையும் அதட்டாத குரல். அண்ணியைத் தேடிவந்து இந்த வழக்கை ஒப்படைத்தவரும் இவர்தான். சின்னவன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னான்.

“இந்தப் பக்கமே வரப் பிடிக்கலம்மா” என்றார் வாத்தியார் அண்ணியிடம். “நான் எப்பவும் கடைசி வரிசையில உக்காந்துதான் நாடகம் பாப்பேன். அன்னிக்கும் அங்கதான் இருந்தேன். எல்லாத்தையும் கண்ணால பாத்தேன். பாத்து என்ன பிரயோஜனம்? போனவன் போயிட்டான். இருக்கறவளையாவது காப்பாத்திக் கொடுங்க.”

அவர் கண் கலங்கியது. நல்ல மனுஷன் என்று சின்னவன் நினைத்துக்கொண்டான்.

ஒப்பனை அறையில் ஒரு பல்பு மட்டும் எரிந்தது. கண்ணாடி முன்னால் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் பட்டாசு உட்கார்ந்திருந்தாள். சின்னவன் மற்றொன்றை இழுத்தான்.

“அது அவர் நாற்காலி. கால் வலிச்சா தரையில உக்காருங்க” என்றாள்.

சின்னவன் மறுபேச்சில்லாமல் தரையில் உட்கார்ந்தான்.

“ஏணியில ஏறினது எதுக்கு?” என்று அண்ணி நேராகவே கேட்டாள்.

“தலையணை வைக்க. பாட்டு முடிஞ்சதும் அவர் பால்கனியில படுக்கணும். பலகை முதுகுல குத்தும். தினமும் நான்தான் கொண்டுபோய் வைப்பேன், சண்டை போட்ட அன்னிக்கும் வைப்பேன். ராத்திரி முதுகு வலிக்குதுன்னா தேய்ச்சு விடப்போறது யாரு, உங்க இன்ஸ்பெக்டரா?”

“அன்னிக்கு எதுக்குச் சண்டை?”

பட்டாசு வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். அதுவரை எகிறிக்கொண்டிருந்த குரல் சட்டென்று இறங்கியது.

“ஞாபகம் இல்லங்க. ஒரு வாரமா யோசிக்கறேன். எதுக்குன்னே வர மாட்டேங்குது. சாவு என் கையாலதான்னு சொன்னது மட்டும் ஞாபகம் இருக்கு.”

சின்னவன் தரையைப் பார்த்தான்.

“அன்னிக்கு மேடையில வழக்கத்துக்கு மாறா ஏதாவது நடந்துதா?” என்றாள் அண்ணி.

“மீசை.” பட்டாசு கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னாள். “அவர் வேஷத்துக்குப் பெரிய மீசை. தினமும் நான் ஒட்டிவிடுவேன். அன்னிக்குக் கோபத்துல, போய்யா, நீயே ஒட்டிக்கோன்னுட்டேன். ஒட்டத் தெரியுமா அந்த மனுஷனுக்கு? பிற்பாதியில, வெளியில தள்ளினதும் வாசல்ல நின்னு ஒண்ணு சொல்லுவார். ‘நீ திட்டாத வீட்டுல நான் எப்படிடி தூங்குவேன்?’ நாடகம் பூரா அந்த ஒரு வசனத்துக்குத்தான் யாரும் சிரிக்க மாட்டாங்க. கொட்டகையே கப்சிப்னு ஆயிடும். அன்னிக்கு அதைச் சொல்லி வாயை மூடறார், பாதி மீசை பிச்சுக்கிட்டுத் தொங்குது. அத்தனை பேரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. எனக்கு வந்த ஆத்திரத்துல அவரை ஒரு முறை முறைச்சேன். கதவை அறைஞ்சு சாத்தினேன். அவர் அந்த மீசையைப் பிச்சுப் பைக்குள்ள போட்டுக்கிட்டு, ஏணியில ஏறி...”

மேலே பேச முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“இந்த மீசை விஷயத்தை யார்கிட்டயாவது சொன்னீங்களா?”

“செத்த வீட்டுல மீசையைப் பத்தியா பேசுவாங்க?”

வெளியே நடைக்கு வந்ததும் சின்னவன் கிசுகிசுத்தான். “அண்ணி, இவங்க கொலை பண்ணியிருந்தா, அந்த ஆளை எழுப்பி இன்னொரு தடவை திட்டிட்டுத்தான் விட்டிருப்பாங்க.”

“எனக்குத் தெரியும். நானும் வாழ்க்கைப்பட்டவதானே” என்றாள் அண்ணி.

புருஷன் இறந்த ஒரு வாரத்தில் எந்தப் பெண் ஒத்திகைக்கு வருவாள்? பட்டாசு வந்திருந்தாள். வீட்டில் உட்கார்ந்தால் அந்த அமைதியில் காது அடைக்கிறது என்றாள். வேறு ஊருக்கு ஒப்புக்கொண்ட நாடகமும் கழுத்தைப் பிடித்தது. ஹீரோ வேஷத்துக்கு ஒரு புது ஆளை வாத்தியார் தயார் செய்துகொண்டிருந்தார். குழுவில் அவனுக்குப் புது மாப்பிள்ளை என்று பெயர் வைத்துவிட்டார்கள். எவ்வளவு காலமாகவோ இந்த வேஷத்துக்காகக் காத்திருந்தவன். சம்பவத்தன்று ஊரிலேயே இல்லை, அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன் என்று போலீசிடம் சொல்லியிருந்தான். அக்காவும் ஆமாம் என்றாள். அக்கா ஆமாம் என்றுதான் சொல்வாள் என்பது சின்னவனின் கட்சி.

காலியான கொட்டகையில் நாற்காலிகள் வரிசை வரிசையாக இருட்டுக்குள் போய் மறைந்தன. மேடையில் மட்டும் வெளிச்சம். அண்ணியும் சின்னவனும் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்தார்கள். அவர்களுக்கு முன்னால் வாத்தியார். மேலே பால்கனியில் புதுக் கைப்பிடி, பூசிய வர்ணம்கூடக் காயாமல் பளபளத்தது. அதைப் பார்க்காமலிருக்க முயன்று, சின்னவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சண்டை ஆரம்பித்தது. பட்டாசு வரிந்துகட்டிக்கொண்டு திட்டினாள். புது மாப்பிள்ளை பெரிய மீசையை வைத்துக்கொண்டு நடுங்கினான். சிரிக்க வேண்டிய இடங்களில் சிரிக்க ஆளில்லாமல், அத்தனை வசையும் போய் இருட்டில் விழுந்தது. சிரிப்பு இல்லாத சிரிப்பு நாடகம் இவ்வளவு பயங்கரமாக இருக்கும் என்று சின்னவனுக்கு அன்றுதான் தெரிந்தது. யாரோ யாரையோ நிஜமாகவே கொல்லப்போவதுபோல் இருந்தது.

புருஷனை வெளியே தள்ளினாள். அவன் வாசலில் நின்றான்.

“நீ திட்டாத வீட்டுல நான் எப்படிடி தூங்குவேன்?”

சொல்லிவிட்டு நின்றான். தலையைக் கொஞ்சம் சாய்த்து, வாயை அரைகுறையாகத் திறந்துகொண்டு, நின்றுகொண்டே இருந்தான். பட்டாசு திகைத்துப்போய் அவனைப் பார்த்தாள். பிறகு அவன் அடுத்த வரிக்குப் போனான்.

“இன்னொரு தடவை செய்யச் சொல்லுங்க, வாத்தியாரே” என்றாள் அண்ணி.

இன்னொரு தடவையும் அதே இடத்தில் நின்றான்.

“என்னண்ணி, வசனத்தை மறந்து தொலைச்சுட்டானா?” என்று சின்னவன் முணுமுணுத்தான்.

“மறந்தவன் முழிப்பான். இவன் காத்திருக்கான்.”

“எதுக்கு?”

“சிரிப்புக்கு. சிரிப்பு நாடகக்காரங்களுக்கு அதுதான் முதல் பாடம். ஜனங்க எங்க சிரிப்பாங்களோ அங்க இடம் விடணும். சிரிப்பு மேல பேசினா அடுத்த வசனம் யார் காதுலயும் விழாது. ஆனா இந்த வசனத்துக்கு இதுவரை ஒரே ஒரு நாள்தான் சிரிச்சிருக்காங்க.”

சின்னவனுக்குப் பொறி தட்டியது. தட்டிய வேகத்தில் நாற்காலியைத் தாண்டி மேடைக்குத் தாவி, புது மாப்பிள்ளையின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான்.

“அக்கா வீட்டுல இருந்தியா? அன்னிக்கு இங்க வந்த சிரிப்பு உனக்கு எப்படிடா தெரியும்? சிரிப்பு என்ன, பஸ் ஏறி உங்க அக்கா வீட்டுக்கு வந்துதா?”

புது மாப்பிள்ளைக்கு உதறல் எடுத்துவிட்டது. “சார், சத்தியமா நான் ஊர்ல இல்ல சார்! எனக்கு ஒண்ணும் தெரியாது. இந்த இடத்துல நிறுத்து, பெரிய சிரிப்பு வரும், அது அடங்கினதும் பேசுன்னு வாத்தியார்தான் சொல்லிக்கொடுத்தார்!”

சின்னவனின் பிடி தளர்ந்தது. சே, கிடைத்த ஆளும் கை நழுவிப் போய்விட்டானே என்றிருந்தது அவனுக்கு. திரும்பி அண்ணியைப் பார்த்தான். அண்ணி அவனைப் பார்க்கவில்லை.

“அப்படியா வாத்தியாரே?” என்று கேட்டாள்.

“ஆமாம்மா. அதுல என்ன?” வாத்தியார் சாதாரணமாகச் சொன்னார். சொல்லச் சொல்ல முகத்தில் ஒரு பெருமைகூட வந்தது. “அன்னிக்கு அந்த வசனத்துக்குச் சிரிப்பு அள்ளிக்கிட்டுப் போச்சு. இத்தனை வருஷமா வராத சிரிப்பு. வந்த சிரிப்பை விட்டுக்கொடுக்க முடியுமா? அதான் இடம் விடச் சொன்னேன்.”

“ஏன் சிரிச்சாங்க?”

“சொன்ன விதம்தான். கடைசியில குரலை ஒரு இழுப்பு இழுத்தான்.”

“பாத்தீங்களா?”

“கடைசி வரிசையில உக்காந்து பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்!”

அண்ணி எழுந்தாள். நிதானமாக மேடைப் படி ஏறினாள். புது மாப்பிள்ளையின் மீசையில் ஒரு பக்கத்தை மட்டும் பிடித்து வெடுக்கென்று பிய்த்தாள். பாதி மீசை உதட்டுக்குக் கீழே தொங்கி ஊஞ்சலாடியது.

இருட்டில், கடைசி வரிசையில், யாரோ பக்கென்று சிரித்தார்கள்.

சின்னவன் துள்ளித் திரும்பினான். அங்கே ஒரு நாற்காலி நகர்ந்தது. தொப்பியைக் கையில் பிடித்தபடி இன்ஸ்பெக்டர் வெளிச்சத்துக்கு வந்தார். எப்போது வந்து உட்கார்ந்தார் என்று யாருக்கும் தெரியவில்லை.

“மன்னிச்சுக்கணும். அடக்க முடியல” என்றார்.

“அவ்வளவு தூரத்துக்கு நல்லா தெரியுதா சார்?” என்று அண்ணி கேட்டாள்.

“நல்லாவே தெரியுதும்மா.”

“அன்னிக்கும் இப்படித்தான் தொங்குச்சு. கொட்டகையில இருந்த அத்தனை பேரும் மீசையைப் பாத்துச் சிரிச்சாங்க. ஒருத்தர் மட்டும் வசனத்துக்குச் சிரிக்கறாங்கன்னு நினைச்சுக்கிட்டார்.” அண்ணி வாத்தியார் பக்கம் திரும்பினாள். “நீங்க பாக்கல, வாத்தியாரே. கேட்டீங்க. சத்தம் தெளிவா கேக்கும், மேடை மட்டும் தெரியாது, அப்படி ஒரு இடம் இங்க இருக்கு. இன்னிக்கு என் கொழுந்தன் ஏறிப் பாத்துட்டு வந்தான். அந்த வசனம் முடிஞ்சா, அடுத்து அவர் ஏணியில ஏறி வருவார். அதுக்குள்ள கொக்கியைக் கழட்டிட்டு நீங்க இறங்கியாகணும்.”

ஏணியைப் பிடித்து நிறுத்திய கைகள் சின்னவனுக்கு ஞாபகம் வந்தன. அவற்றைப் பிடித்து நன்றி வேறு சொல்லியிருந்தான். உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

வாத்தியார் அசையவில்லை. “கற்பனை நல்லா இருக்கு. நாடகமா எழுதலாம்” என்றார்.

இன்ஸ்பெக்டரும் தலையைச் சொறிந்தார். “சிரிப்பைக் கூண்டுல ஏத்திச் சாட்சி சொல்ல வைக்க முடியாதேம்மா. ஏணியில இறங்கினதை நாலு பேர் பாத்தது அவங்களைத்தான்.”

“முடியாதுதான் சார். நீங்க வந்த வேலையைப் பாருங்க. அவங்களைக் கூட்டிக்கிட்டுப் போங்க.”

“அண்ணி!” என்று சின்னவன் கத்தினான். ஒரு பாவமும் அறியாத பெண்ணை இப்படியா கைகழுவுவது? அண்ணி காதில் வாங்கவில்லை. வைத்த கண் வாங்காமல் வாத்தியாரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்ஸ்பெக்டர் மேடை ஏறினார். பட்டாசு எதிர்த்துப் பேசவில்லை. ஓரத்தில் கழற்றிப் போட்டிருந்த செருப்பைத் தேடிக் காலில் மாட்டிக்கொண்டாள். அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

“அவளை விடுங்க.”

வாத்தியாரின் குரல் உடைந்திருந்தது.

“அவளை விட்டுடுங்க. நான்தான்.” நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். “அவளைக் காப்பாத்தத்தானே செஞ்சேன், அவளையே எப்படிக் கொடுக்கறது? எத்தனை வருஷம் கேட்டுக்கிட்டு இருந்தேன்! காலையில சண்டை, மத்தியானம் சண்டை. அடுத்த ரூம்ல உக்காந்து கேட்டுக் கேட்டு எனக்கு நெஞ்சு வெந்து போச்சு. இந்த ஆளோட குப்பை கொட்டினது போதும் வாத்தியாரேன்னு அவளே என்கிட்ட சொல்லியிருக்கா. விபத்துன்னு போயிடும், அப்புறமாவது அவ நிம்மதியா இருப்பான்னு நினைச்சேன். பழி அவ மேலயே திரும்பும்னு நான் கனவுல கூட நினைக்கல. அதனாலதான் உங்ககிட்ட ஓடி வந்தேன்.”

“குப்பை கொட்டினது போதும்னு சொல்லாத பொண்டாட்டி ஊர்ல உண்டா?” என்றாள் அண்ணி.

பட்டாசு மேடையின் விளிம்புக்கு வந்தாள்.

“அந்த வசனம் நீங்க எழுதினது இல்ல” என்றாள். “எங்க வீட்டுல அவர் சொன்னது. கோவிச்சுக்கிட்டு நான் எங்க அக்கா வீட்டுக்குப் போயிட்டு, மறுநாள் திரும்பி வந்தப்போ சொன்னார். ராத்திரி பூரா தூங்காம கண்ணு சிவந்து போய் நின்னார். நீங்க அப்போ எங்க வீட்டுக் கூடத்துல உக்காந்து டீ குடிச்சுக்கிட்டு இருந்தீங்க. அதைக் கேட்டுக் கொண்டுபோய் நாடகத்துல வெச்சீங்க. தினமும் என் எதிர்லயே சொல்ல வெச்சீங்க. ஒரு நாளாவது அதுக்கு என்ன அர்த்தம்னு நினைச்சுப் பாத்தீங்களா?”

வாத்தியார் முகத்தை மூடிக்கொண்டார். இன்ஸ்பெக்டர் இறங்கி வந்து அவர் தோளைப் பிடித்தார். புது மாப்பிள்ளை தொங்குகிற பாதி மீசையோடு அழுதுகொண்டிருந்தான். அதைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை.

கொட்டகை வாசல் குறுகலானது. இன்ஸ்பெக்டரோடு அங்கே போய்ச் சேர்ந்த வாத்தியார் திடீரென்று நின்றுவிட்டார். பின்னால் பட்டாசு வந்துகொண்டிருந்தாள்.

“ஒரு வார்த்தை திட்டிடும்மா” என்றார். “ஊர்ல எல்லாரையும் திட்டுவியே. என்னையும் நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி நாலு வார்த்தை கேளு. வேணும்னா அறைஞ்சுடு. எதுவும் சொல்லாம மட்டும் போயிடாதே.”

பட்டாசு அவர் எதிரில் வந்து நின்றாள். இதோ வெடிக்கப்போகிறாள் என்று சின்னவன் மூச்சைப் பிடித்துக்கொண்டான். வெடிக்கட்டும், அந்த ஆளைக் கிழித்துப் போடட்டும் என்று மனதுக்குள் வேண்டவும் செய்தான்.

“கொஞ்சம் வழி விடறீங்களா?” என்றாள் அவள். பஸ்ஸில் முன்பின் தெரியாத ஆளிடம் கேட்கிற குரல்.

வாத்தியார் ஒதுங்கி நின்றார். அவள் அவரைக் கடந்து தெருவில் இறங்கிப் போனாள்.